நாற்பத்தோராவது நிமிடம்

யோசு,
3 அக்டோபர் 1996

மிர்யோங் அப்பாவுக்கு,

இங்கே நானும் மகள் மிர்யோங்கும் சுகம். கடலில் காற்று திரும்பிவிட்டது என்று வானொலியில் சொன்னார்கள். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? கம்பளிக் காற்சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டீர்களா, இல்லை போன வருடம்போல் பெட்டியிலேயே கிடக்கிறதா?

சூசோக் அறுவடைத் திருநாள் மூன்று நாளும் எனக்கு உட்கார நேரமில்லை. ஊரே சொந்தபந்தத்தோடு வீட்டில் கூடினால் வீடியோ கடைக்காரிக்குத் திருநாள் கிடையாது. இந்த வருடம் ஒரு வம்பும் சேர்ந்துகொண்டது. 'மனைவி உள்ளே தூங்குகிறாள்' என்று ஒரு படம் வந்திருக்கிறது. அட்டையில் என்ன வகைப் படம் என்று போடவில்லை. மனைவி விட்டுவிட்டுப் போன ஒருத்தன், ஊருக்குத் தெரியக் கூடாதென்று அவள் வீட்டிலேயே இருப்பதுபோல் நடிக்கிறான். யார் வந்து கேட்டாலும் உள்ளே தூங்குகிறாள் என்கிறான். மழை நாளில் அவளுடைய ரப்பர் செருப்பை வாளியில் முக்கி வாசலில் வைக்கிறான், வெளியே போய்வந்தாள் என்று நாலு பேர் நினைக்கட்டும் என்று.

இதை எந்தத் தட்டில் வைப்பது? உங்கள் துறைமுக அலுவலகத்து மா சாங்சிக் தினமும் சாயங்காலம் கேசட் எடுக்க வருவார். "இதுல யோசிக்க என்ன இருக்கு முதலாளியம்மா, சிரிப்புப் படத்துல வைங்க" என்றார். வைத்தேன். மீன் ஏலக்கூடத்து நோ அக்கா எடுத்துப் போனாள். மறுநாள் காலையில் கேசட்டை மேஜைமேல் விசிறினாள்.

"உன்னை நம்பித்தானே எடுத்துட்டுப் போனேன்? வீட்ல பதினேழு பேரு. முதல்ல என் மாமியார் அழுதாங்க, அப்புறம் நாத்தனார், அப்புறம் நான். திருநாள் சாப்பாட்டை யாரு பரிமாறினா தெரியுமா? என் வீட்டுக்காரர்."

"உங்க மாமியார் அழுதா அது படத்தோட தப்பா அக்கா?" என்றார் மா. அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்களெல்லாம் இரண்டு கட்சி. வியாழக்கிழமை சாமான் படகில் கேசட்டை அனுப்புகிறேன். நீங்களும் உங்கள் கலங்கரை விளக்கத் தலைவர் குக்கும் இளையவன் ஹாவும் பார்த்துத் தீர்ப்பு எழுதுங்கள்.

நவம்பரில் இடமாற்ற விண்ணப்பம் வருமல்லவா? ஆறு வருடமாக அலுவலகம் உங்களையே அந்தப் பாறைக்குத் தள்ளுகிறது. இந்தத் தடவையாவது கரைக்கு விடுவார்களா? கேட்டுப் பார்த்தீர்களா?

உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும்,
மிர்யோங் அம்மா

•

கல்மேதோ கலங்கரை விளக்கம்,
14 அக்டோபர்

மிர்யோங் அம்மாவுக்கு,

வடமேற்குக் காற்று, அலை இரண்டு மீட்டர், பார்வைத் தூரம் நன்று. முட்டி பரவாயில்லை. உன் தோள்வலிக்கு ஒத்தடம் கொடுக்கிறாயா?

படம் பார்த்தோம். ஹா விழுந்து விழுந்து சிரித்தான். தலைவர் குக், "இது என்னப்பா படம், சிரிக்கிறதா அழுவுறதா, ஒண்ணு முடிவு பண்ணித் தொலைங்க" என்று பாதியில் எழுந்து தேநீர் போடப் போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது சிரிப்புப் படம் இல்லை. அந்த மாவிடம் சொல்.

இன்னொன்று. கேசட்டைப் போட்டால் படம் நடுவிலிருந்து ஓடியது. பின்னால் சுற்றிப் பார்த்தேன். சரியாக நாற்பத்தோராவது நிமிடம். ஆறு வருடமாக நீ அனுப்பும் கேசட் ஒன்றுகூடச் சுற்றாமல் வந்ததில்லை. சுற்றாமல் திருப்பிக் கொடுக்கும் வாடிக்கையாளரைத் திட்டி வாசலில் பலகை எழுதி வைத்தவள் நீ. நீ பார்த்துக்கொண்டிருந்தபோது யாராவது வந்தார்களா? இல்லை, பக்கத்தில் யாராவது இருந்தார்களா? சும்மா கேட்கிறேன்.

இடமாற்ற விஷயம் உனக்குத் தெரியாததா? அலுவலகம் யார் பேச்சையும் காதில் போட்டுக்கொள்வதில்லை. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

குளிர் காலம் உன்னைத் தொந்தரவு செய்யாமலிருக்கட்டும்,
மிர்யோங் அப்பா

•

யோசு,
21 அக்டோபர்

மிர்யோங் அப்பாவுக்கு,

ஒத்தடம் கொடுக்கிறேன், தோள் பரவாயில்லை. மகளுக்குச் சளி, இப்போது குறைந்திருக்கிறது. உங்கள் காற்சட்டை பற்றிப் பதில் இல்லை, ஆகவே பெட்டியில்தான் கிடக்கிறது.

கடையில் ஆள் வந்தது, நிறுத்தினேன், மறந்துவிட்டேன். அவ்வளவுதான்.

படம் சிரிப்புப் படம்தான். வீட்டில் இல்லாத பெண்டாட்டிக்காக ஒருத்தன் ஊரெல்லாம் பொய் சொல்லிக்கொண்டு அலைகிறான், ஊர் முழுக்க அது பொய்யென்று தெரிந்திருக்கிறது, அவனுக்கு மட்டும் தெரியாது. இதைவிட வேடிக்கை என்ன வேண்டும்? மா அந்தத் தபால்காரன் வரும் இடத்தை நடித்தே காட்டினார். கதவுக்குப் பின்னால் நின்று புருஷன் குரலில் ஒன்று, பெண்டாட்டி குரலில் ஒன்று. கடையில் இருந்த எட்டுப் பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். மா மாதிரி ரசனை உள்ள ஆள் வந்தால்தான் கடை கடையாக இருக்கிறது. உங்களுக்குச் சிரிப்பு வரவில்லை என்றால் ஏன் வரவில்லை என்று யோசித்துப் பாருங்கள்.

விண்ணப்பம் கொடுக்கும்போது ஒரு வரி எனக்கும் எழுதுங்கள், என்ன எழுதிக் கொடுத்தீர்கள் என்று.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லும்,
மிர்யோங் அம்மா

•

கல்மேதோ,
5 நவம்பர்

மிர்யோங் அம்மாவுக்கு,

மூடுபனி. ஊதுகுழல் நாள் முழுக்க ஊதியது, காது இன்னும் அடைத்திருக்கிறது. மற்றபடி சுகம். மகளின் சளி எப்படி?

உன் இரண்டு கடிதங்களையும் எதிரெதிரே வைத்து மறுபடி படித்தேன். மா என்கிற பெயர் நான்கு இடத்தில் இருக்கிறது. என் பெயர் உறைமேல் மட்டும்தான் இருக்கிறது.

உன் கேசட்டை எத்தனை தடவை பார்த்தேன் தெரியுமா? ஐந்து தடவை. நாற்பத்தோராவது நிமிடத்தில்தான் அந்தத் தபால்காரன் வருகிறான். நீ எழுதிய அதே இடம். ஆகவே கடையில் ஆள் வந்தது என்றால் அது யாரென்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். அவனுக்கு என்ன வயது? வீட்டில் மனைவி இல்லையா? தினமும் ஒரு படம் பார்க்கிறவனுக்கு அலுவலகத்தில் என்ன வேலை?

நான் வந்தபோதெல்லாம் நீ இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நான் சொன்ன எதற்காவது நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டாயா? ஹாவிடம் கேட்டேன், "ஏண்டா, இதுல எங்கடா சிரிப்பு வருது?" என்று. "அண்ணே, சிரிப்பு வர்றது படத்துல இல்ல, கூட உக்காந்து பாக்குற ஆளைப் பொறுத்துதான்" என்றான். அவனோடு இரண்டு நாளாகப் பேசவில்லை.

அது சிரிப்புப் படம் இல்லை.

நலமாக இரு,
மிர்யோங் அப்பா

•

கல்மேதோ,
22 நவம்பர்

மிர்யோங் அம்மாவுக்கு,

தெளிவான வானம். இரண்டு தடவை படகு வந்துவிட்டது. அரிசி வந்தது, முட்டைக்கோஸ் வந்தது, ஹாவுக்கு அவன் அம்மா பின்னிய கையுறை வந்தது. எனக்குக் கடிதம் வரவில்லை.

உடம்பு சரியில்லையா? சரியில்லை என்றால் யாரையாவது விட்டு ஒரு வரி எழுதச் சொல். இங்கே இருக்கும் அலுவலகத் தொலைபேசியில் கேட்கலாம் என்றால் தலைவர் குக் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருக்கிறார். அவர் முன்னால் நான் என்ன கேட்பது, என் மனைவி யாரோடு சிரிக்கிறாள் என்றா?

போன கடிதத்தில் கொஞ்சம் அதிகமாக எழுதிவிட்டேன். ஆனால் எழுதியதில் எதுவும் பொய்யில்லை. அந்த ஆளை எனக்குப் பிடிக்கவில்லை. என் கடைக்கு, உன் கடைக்கு, வரக் கூடாது என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா இல்லையா என்று நீயே சொல்.

பதிலை எதிர்பார்க்கும்,
மிர்யோங் அப்பா

•

யோசு,
2 டிசம்பர்

மிர்யோங் அப்பாவுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நூறு முட்டைக்கோஸ் வாங்கி நோ அக்காவோடு குளிர்காலத்துக்கு மிளகாய் பூசிக் கிம்ச்சி ஊறுகாய் போட்டு முடித்தேன். கை எரிகிறது. அதனால் எழுதாமல் இல்லை. நவம்பர் முப்பது தாண்டட்டும் என்றுதான் எழுதாமல் இருந்தேன். விண்ணப்பத்துக்கு அதுதான் கடைசி நாள். நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று பார்த்தேன். கொடுக்கவில்லை என்று அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

நாற்பத்தோராவது நிமிடத்தில் என்ன நடந்தது என்று கேட்டீர்களே, சொல்கிறேன். திருநாள் கூட்டம் ஓய்ந்திருந்தது. கடைத் தொலைக்காட்சியில் படம் ஓடியது. நான் கேசட் துடைத்துக்கொண்டிருந்தேன். மா நின்று பார்த்துக்கொண்டிருந்தார், நோ அக்காவும் இருந்தாள். தபால்காரன் வந்து கதவைத் தட்டினான். புருஷன்காரன் உள்ளேயிருந்து இரண்டு குரலில் பேசினான். மா சிரித்துக்கொண்டே என்னிடம் திரும்பினார்.

"உங்க வீட்டுக்காரர் தாக் சாரும் ஒரு வகையில இப்படித்தான் முதலாளியம்மா. எல்லாரும் கரைக்கு மாத்துங்கன்னு ஆபீஸ்ல வந்து அழுவாங்க. அவரு ஒருத்தர்தான் மூணு வருஷமா 'இதே இடம்'னு எழுதிக் குடுக்குறாரு. எங்களுக்கு ஆச்சரியம். உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியாம என்ன? நாங்க பேசி வெச்சதுதானே" என்றேன். சிரிக்கவும் செய்தேன். அன்றைக்குச் செருப்பை நனைத்து வாசலில் வைத்தவள் நான்தான். படத்தை நிறுத்திவிட்டுத் தலைவலி என்று கடையைச் சாத்தினேன். அதற்குப் பிறகு உட்கார்ந்துதான் உங்களுக்கு அந்த முதல் கடிதம் எழுதினேன். இந்தத் தடவையாவது விடுவார்களா என்று கேட்டேனே, எல்லாம் தெரிந்துகொண்டு கேட்டது. நீங்கள் என்ன பதில் எழுதினீர்கள் என்று மறுபடி படித்துப் பார்க்க வேண்டாம், எனக்கு மனப்பாடம்.

நீங்கள் மாவைப் பார்த்துப் பொறாமைப்படுகிறீர்கள். நான் யாரைப் பார்த்துப் பொறாமைப்படுவது? ஒரு பெண்ணாக இருந்தால் படகேறி வந்து முடியைப் பிடித்து ஆட்டியிருப்பேன். பாறைக்கு முடி எங்கே இருக்கிறது? மூன்று வருடம் என்னைவிட அது உங்களுக்கு நன்றாக இருந்திருக்கிறது. எனக்குப் பொறாமை, மிர்யோங் அப்பா. வயிறு எரிகிறது. சாப்பிடும்போது எரிகிறது, கடையில் சில்லறை மாற்றும்போது எரிகிறது.

அதனால்தான் அது சிரிப்புப் படம் என்று உங்களோடு சண்டை போட்டேன். இல்லை என்று ஒத்துக்கொண்டால் நான் அழ வேண்டியிருந்திருக்கும்.

நலமா என்று இந்தத் தடவை கேட்கவில்லை.
பியோன் ஒக்சன்

•

கல்மேதோ,
23 டிசம்பர்

மிர்யோங் அம்மாவுக்கு,

காற்று, அலை பற்றி எழுதவில்லை. உன் கை எரிச்சல் போய்விட்டதா?

நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

முதல் மூன்று வருடம் அலுவலகம்தான் அனுப்பியது, அது நிஜம். பிறகு ஒரு விடுமுறையில் வந்தேன். உன் கடை மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். வருகிறவர்களெல்லாம் உன்னோடு பேசினார்கள், சிரித்தார்கள், யார் வீட்டில் என்ன என்பது உனக்குத் தெரிந்திருந்தது. ஒரு அம்மாள் என்னைப் பார்த்து, "நீங்களும் படம் எடுக்கவா வந்தீங்க? வரிசையில நில்லுங்க" என்றாள். நீயும் சிரித்தாய். தப்பாகச் சிரிக்கவில்லை, தெரியும். ஆனால் நான் எழுந்து வரிசையில் நின்றேன், உனக்கு நினைவிருக்கிறதா? வேடிக்கைக்கு நிற்கிறேன் என்று நினைத்தாய். எனக்கு அங்கே வேறு இடம் எது என்று தெரியவில்லை. திரும்பி வந்ததும் 'இதே இடம்' என்று எழுதிக் கொடுத்தேன். மாவுக்கு முன்பே எனக்கு உன் கடையைப் பார்த்துப் பொறாமை.

இன்னொரு பொய்யும் இருக்கிறது. கோடையில் இங்கே எல்லார் குடும்பமும் வந்து ஒரு நாள் தங்கும். உன்னை நான் அழைத்ததே இல்லை. "உன் சம்சாரம் எங்கப்பா?" என்று தலைவர் குக் கேட்கும்போதெல்லாம், "அவளுக்குக் கடல் ஒத்துக்காதுங்க, படகுல கால் வெச்சாலே வாந்தி" என்று சொல்லி வைத்திருக்கிறேன். அந்தப் படத்தைப் பார்த்து நான் எப்படிச் சிரிப்பேன்?

உன் கடிதம் வந்த மறுநாள் மதியம் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்தேன். தலைவர் குக் பக்கத்தில் இருந்தார். இருக்கட்டும் என்று செய்தேன். யார் எடுத்தது தெரியுமா? அந்த மாவேதான்.

"தாக் சார், தேதி முடிஞ்சுபோச்சே" என்றான்.

"தெரியும். கரைக்கு வரணும்."

"காரணம்னு ஒரு இடம் இருக்கு சார். என்ன எழுதட்டும்?"

"மனைவின்னு எழுதுங்க."

"அவங்களுக்கு என்ன?"

"அவளுக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான்."

பேனா ஓடும் சத்தம் கேட்டது. பிறகு, "நான் மேல பேசிப் பாக்குறேன் சார்" என்றான். மரியாதையாகச் சொன்னான். மரியாதையாகச் சொன்னதால் அவனை இன்னும் பிடிக்கவில்லை. தலைவர் குக் நகவெட்டியை மூடிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மன்னிப்பு என்று எழுதினால் கடிதத்தில் மலிவாகத் தெரிகிறது. ஆனாலும் எழுதுகிறேன், மன்னித்துவிடு.

தாக் பியோங்ஹோ

•

யோசு,
8 ஜனவரி 1997

மிர்யோங் அப்பாவுக்கு,

புது வருடம் உங்களுக்கு உடம்பு சுகத்தைக் கொடுக்கட்டும். கை ஆறிவிட்டது. உங்கள் முட்டி எப்படி?

உங்கள் கடிதத்தை இரண்டு இடத்தில் நிறுத்தி நிறுத்திப் படித்தேன். முதலில் கோபம். கோமுன் தீவில் படகில் பிறந்து வளர்ந்தவள் நான். எனக்கா கடல் ஒத்துக்காது? வாந்தியா? என் அப்பா கேட்டிருந்தால் உங்களை வலையில் போட்டு இழுத்திருப்பார். தலைவர் குக்கிடம் உண்மையைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நானே வந்து அவர் முன்னால் ஒரு சுற்றுத் துடுப்புப் போட்டுக் காட்டுவேன்.

பிறகு அந்த வரிசை. நினைவிருக்கிறது. உங்கள் முறை வந்தபோது, "என்ன படம் வேணும் சார்?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் படத்தை இப்போதுதான் கடைசிவரை பார்த்தேன், தனியாக. ஊர்ப் பெண்கள் கிம்ச்சி போட அவன் வீட்டுக்கு வருகிறார்களே, வீட்டுக்காரி எங்கே என்று ஒருத்திகூடக் கேட்காமல், அவளுக்குக் கிம்ச்சியில் உப்பிட்ட இறால் தூக்கலாக வேண்டுமா வேண்டாமா என்று சண்டை போடுகிறார்களே, அங்கே சிரித்தேன். மூக்கும் ஒழுகியது. கேசட்டை எல்லாத் தட்டிலிருந்தும் எடுத்து என் மேஜைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். கேட்கிறவர்களிடம், "வீட்ல இன்னைக்கு எல்லாரும் சமாதானமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறேன். நோ அக்காவும் மாவும் இன்னும் கட்சி மாறவில்லை.

ஒன்று மட்டும். மா மேல் உள்ள எரிச்சலில் வருவதாக இருந்தால் வர வேண்டாம். காவலுக்கு ஆள் எனக்குத் தேவையில்லை.

மிர்யோங் அம்மா

•

கல்மேதோ,
27 ஜனவரி

மிர்யோங் அம்மாவுக்கு,

முட்டி பரவாயில்லை. கம்பளிக் காற்சட்டை போட்டிருக்கிறேன்.

உத்தரவு வந்துவிட்டது. பிப்ரவரி பதினேழிலிருந்து யோசு துறைமுக அலுவலகம். மாவுக்குப் பக்கத்து மேஜை.

எரிச்சல் இல்லை என்று எழுதினால் பொய். பொய் எழுதுவதை விட்டுவிட்டேன். எரிச்சலோடுதான் வருகிறேன், ஆனால் அதற்காக வரவில்லை. தலைவர் குக்கிடம் உண்மையைச் சொன்னேன். "தெரியும்பா" என்றார். "மூணு வருஷமா தெரியும்." இவர்களும் அந்தப் படத்து ஊர்க்காரர்கள் மாதிரிதான் இருந்திருக்கிறார்கள்.

நேரில் விசாரிக்க வரும்,
மிர்யோங் அப்பா

•

யோசு, நம் வீடு, மாடி அறை,
9 மார்ச், ஞாயிறு காலை

மிர்யோங் அம்மாவுக்கு,

நீ கீழே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கிறது. ஆகவே நலம் என்று தெரிகிறது.

வந்து மூன்று வாரம் ஆகிறது. சாப்பாடு நன்றாக இருக்கிறது, உப்பு சரியாக இருக்கிறது, கடை எப்படிப் போகிறது, இவ்வளவுதான் நான் பேசியிருக்கிறேன். நீ கவனித்திருப்பாய். ஆறு வருடம் எழுதியே பேசிவிட்டேன். எதிரில் நீ உட்கார்ந்தால் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அதனால்தான் இந்தக் காகிதம். சோற்றுப் பானை மூடிமேல் வைத்துவிட்டு ஏறிவந்துவிடுவேன்.

நேற்று சாயங்காலம் நான் கடையின் பின்பக்கம் திரும்பி வந்த கேசட்டுகளைச் சுற்றிக்கொண்டிருந்தேன். மா வந்தான். உன்னிடம் ஏதோ சொன்னான், மெதுவாக. நீ மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். கண் துடைத்துக்கொண்டாய். என்ன சொன்னான் என்று கேட்க எழுந்தேன். இரண்டு அடி வந்தேன். பிறகு திரும்பிப் போய்ச் சுற்றிய கேசட்டையே மறுபடி சுற்றினேன். வீட்டுக்கு வரும் வழியிலும் கேட்க நினைத்தேன். நீ கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தாய். இன்று காலை எழுந்ததிலிருந்து அதே நினைப்பு. எனக்கு வெட்கமாக இருக்கிறது, பொறாமையாகவும் இருக்கிறது.

அவன் என்ன சொன்னான்?

பதிலை எதிர்பார்க்கும்,
மிர்யோங் அப்பா

•

அதே காகிதத்தின் பின்பக்கம்

மிர்யோங் அப்பாவுக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். மாடிப்படியில் முனகியது இங்கேவரை கேட்டது, முட்டிக்கு எண்ணெய் சூடாகிறது.

மூன்று வாரமாகத் தினமும் மதியம் மூன்று மணிக்குக் கடைக்குத் தொலைபேசி வருகிறது. எடுத்து, "ஹலோ, யாருங்க?" என்பேன். ஒரு மூச்சு கேட்கும். வைத்துவிடுவார்கள். நானும் யாரென்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். நேற்றுதான் தெரிந்தது. உங்கள் பக்கத்து மேஜையில் மா உட்கார்ந்திருக்கிறார் என்பதை மறந்துவிட்டீர்கள். "தாக் சார் தினம் உங்க நம்பரைச் சுத்துறாரு முதலாளியம்மா. நீங்க ஹலோன்னதும் வெச்சிட்டு, கொஞ்ச நேரம் ஜன்னலைப் பாத்துட்டு, அப்புறம்தான் வேலையைப் பாக்குறாரு" என்றார். அதற்குத்தான் சிரித்தேன். கண் துடைத்ததும் அதற்குத்தான்.

நாளைக்கு வைத்துவிடாதீர்கள். சோறு என்றாவது, உப்பு என்றாவது ஏதாவது சொல்லுங்கள்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். காகிதத்தை எடுத்துக்கொண்டு நான் மாடி ஏற மாட்டேன், நீங்கள் இறங்கி வர வேண்டும். அடுப்படியில்தான் இருக்கிறேன்.